சாவுச் சீட்டில் வந்த விறகு

ஜப்பான்காரன் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு விறகுக்கு மூன்று வகைச் சீட்டு இருந்தது. வீட்டுச் சீட்டு தலைக்கணக்குப்படி வரும். தொழில் சீட்டு சாப்பாட்டுக் கடைக்கும் எங்களைப் போன்ற டோபிக் கடைக்கும் வரும். மூன்றாவது சாவுச் சீட்டு. பிணத்தை எரிக்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு, ஆள் இறந்த அன்றைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஒரு மாட்டுவண்டி ரப்பர் கட்டை கிடைக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் விறகு டிப்போ வாசலில் ஒட்டும் அறிவிப்புகளை ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். படித்துவிட்டுப் பத்தடி நடந்து, சந்தேகம் வந்து, திரும்பிப் போய் மறுபடியும் படிப்பேன். விட்டுப்போன வரியில்தான் நமக்கு வினை இருக்கும் என்று அப்போதே எனக்கு ஒரு பயம். இப்போதும் மின்சாரக் கட்டணத் தாள் வந்தால் பின்பக்கம் வரை படிக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

மின்சாரத்துக்கும் சட்டம் இருந்தது. வீட்டுக்கு ஒரு பல்பு. இரண்டாவது எரிந்தால் கம்பியை அறுத்துவிட்டுப் போவார்கள். மண்ணெண்ணெய் கண்ணில் படுவதே நின்றுவிட்டது. செம்பனை எண்ணெயில் துணித்திரி போட்டுக் கொளுத்துவோம். விளக்கைவிடப் புகைதான் அதிகம். ரயில் இன்ஜின்களுக்கு நிலக்கரி போதாமல் அவையும் விறகு தின்ன ஆரம்பித்தன. அது ஆரம்பித்ததும் எங்கள் தொழில் சீட்டில் பாதியை வெட்டினார்கள்.

டோபி வேலைக்கு விறகு எவ்வளவு வேண்டும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. அழுக்குத் துணியைச் சாம்பல் தண்ணீரில் நனைத்து, பெரிய பானை மேல் அடுக்கி, அடியில் நெருப்பு வைத்து, ஆவியிலேயே அவிய விடவேண்டும். அதற்கு வெள்ளாவி என்று பெயர். சோப்பு கிடைக்காத காலம். நெருப்பு இல்லாவிட்டால் வெளுப்பு இல்லை. எங்கள் கடைக்கு வந்ததெல்லாம் ஜப்பான் ஆபீசர்களின் வெள்ளைச் சட்டைகள். அந்தச் சட்டைகளால்தான் எங்கள் அண்ணன் வீட்டில் இருந்தார்.

அண்ணனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நல்ல உடம்பு. அந்த வயசுக்காரர்களை லோரியில் ஏற்றிச் சியாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசையில் ஏழு வீட்டிலிருந்து போனார்கள். அதுவரை ஒருவரும் திரும்பவில்லை. அண்ணனின் கையில் மட்டும் ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு துணிப்பட்டி இருந்தது. ராணுவத்துக்கு வேலை செய்கிற ஆள், தொடாதே என்று அர்த்தம். எனக்கு இடது கால் சூம்பல். என்னை எவனும் கேட்கவில்லை.

சீட்டு எழுதுகிற கிராணி எங்கள் ஆள்தான், தமிழர். சண்டைக்கு முன்னால் எங்கேயோ தோட்டத்தில் கணக்கு எழுதியவர். நான் பாதிச் சீட்டைப் பற்றிக் கெஞ்சப் போனபோது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நானா வெட்டுனேன்? மேலேர்ந்து வெட்டுறான். உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. ஒரு வாரம் சட்டை போகலன்னா ஆபீசர் வேற டோபியப் பாத்துக்குவான். உங்க அண்ணன் கையில இருக்கிற பட்டிய அவுத்து அவன் கையில கட்டிருவான். அவ்வளவுதான் கதை."

"ஐயா, பாதி விறகுல எப்படிய்யா வெள்ளாவி வைக்கிறது?"

"அது எனக்கு எப்படிடா தெரியும்? நான் என்ன டோபியா?"

பக்கத்தில் வரிசையில் நின்ற அப்பம் சுடுகிற அக்கா, "பாதி வெளுத்துக் குடு தம்பி. முன்பக்கம் மட்டும் வெளு லா. முதுகை அவன் பாக்கவா போறான்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கிராணியும் சிரித்தார்.

கிள்ளான் பக்கம் ஆற்றோரச் சதுப்பில் பாக்காவ் மரம் வெட்டுகிறார்கள், கள்ளத்தனமாகக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனேன். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிள். இரண்டு கட்டுக் கட்டை கிடைத்தது. திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் சீட்டு எங்கே என்று கேட்டான். இரண்டு அறை, ஒரு உதை. விறகு போயிற்று, சைக்கிளும் போயிற்று. நடந்து வீடு வந்தபோது அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கால்கள் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கே தின்று வந்த வீக்கம் என்றார்கள்.

"எங்கடா போன?"

"கிள்ளானுக்குப்பா."

"கிள்ளானா," என்றார். பிறகு பழைய கதை ஒன்றை ஆரம்பித்தார். சஞ்சியில், அதாவது ஒப்பந்தக் கூலியாக, வந்திறங்கிய புதிதில், டோபி வேலைக்கு வருவதற்கு முன்னால், கிள்ளான் பக்கத்துச் சதுப்பில் அவர் வாய்க்கால் வெட்டியிருக்கிறார். காய்ச்சலில் செத்தவர்களை அங்கேயே புதைப்பார்களாம். இரண்டடி தோண்டினால் தண்ணீர். பிணத்தை உள்ளே விட்டால் மேலே வரும். கழியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மண்ணைத் தள்ளுவார்களாம். அந்தக் கழியை அவரும் பிடித்திருக்கிறார்.

"என்னையத் தண்ணிக்குள்ள போட்டுறாதீங்கடா. எரிச்சிருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அண்ணன் அவர் காலருகே உட்கார்ந்து, "சும்மா இருங்கப்பா. உங்களுக்கு என்ன," என்றார். அப்பா விடவில்லை. சத்தியம் பண்ணு என்றார். அண்ணன் பண்ணினார். என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் காலையில் அப்பா போய்விட்டார். ஆபீசர்களின் சட்டை இரண்டு மூட்டை கடையில் கிடந்தது. அடுப்பில் போட நான்கு கட்டை இருந்தது. நான் அழுதேனா என்று நினைவில்லை. அந்த நான்கு கட்டை மட்டும் நினைவில் இருக்கிறது.

சாவுச் சீட்டு வாங்க நான்தான் போனேன். கிராணி வருத்தம் தெரிவித்துவிட்டுச் சீட்டை இரண்டு பாகமாகக் கிழித்துக் கொடுத்தார்.

"இது டிப்போவுக்கு. இந்தப் பாதில சுடுகாட்டுக்காரர்கிட்ட 'எரிந்தது'ன்னு கைநாட்டு வாங்கி எங்கிட்டத் திருப்பித் தரணும். வாங்காம வந்துறாத. விறகத் திருடி விக்கிறானுங்கன்னு மேல கத்துறான்."

டிப்போவில் வண்டி நிறைய ஏற்றினார்கள். காய்ந்த கட்டை. அப்படிப்பட்ட விறகை ஒரு வருஷமாக நான் பார்க்கவில்லை. வண்டியோடு நடந்து வரும்போது, இது எத்தனை வெள்ளாவிக்கு வரும் என்று மனம் எண்ண ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. பத்து, சிக்கனமாகப் போட்டால் பதினொன்று. அதற்குள் அடுத்த தொழில் சீட்டு வந்துவிடும். அண்ணனின் பட்டி அவர் கையிலேயே இருக்கும்.

அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டேன். முழுவதும் சொல்லவில்லை. "அம்மா, வெறக மிச்சம் பண்ணலாம்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அண்ணனை, அவர் கையில் கட்டியிருந்த பட்டியைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்லாத," என்றார். "எதுவும் எனக்குச் சொல்லாத. போ."

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும். கூட வந்தவர்களும் அப்படித்தான். யாரும் திரும்பக் கூடாது. இதை நம்பித்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

விறகு வண்டியோடு முன்னாடியே போய்ச் சுடுகாட்டுக்காரரிடம் பேசினேன். ஒல்லியான மனிதர், வெற்றிலைக்குப் பதில் ஏதோ இலையை மென்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"கால் வாசி எனக்கு. கைநாட்டு நான் வைக்கிறேன். மேடு போடமாட்டேன், சமமாத்தான் மூடுவேன். அடையாளம் கிடையாது. சம்மதமா தம்பி?"

"சம்மதம்ணே."

"அண்ணன்காரனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"அப்ப நீ கடைசில நில்லு. அவரு வாசல் தாண்டுற வரைக்கும் நான் கை வைக்கமாட்டேன்."

அப்பாவைக் கொண்டுவந்தார்கள். எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். கூட்டம் சேர்வதற்கே ஜனங்களுக்குப் பயம். அடியில் கொஞ்சம் கட்டை, மேலே கொஞ்சம் கட்டை, சுற்றிலும் தென்னமட்டை. பார்ப்பதற்கு நிறைந்திருந்தது. மீதியைப் புதருக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தோம். வாய்க்கரிசிக்கு அம்மா எங்கிருந்தோ ஒரு பிடி நிஜ அரிசி வாங்கி, மஞ்சள் தடவி முடிந்து கொடுத்திருந்தார். எல்லாரும் போட்டார்கள். அண்ணன் குடம் உடைத்து, கொள்ளி வைத்து, கைகூப்பி, திரும்பி நடந்தார். மட்டை படபடவென்று பிடித்துக்கொண்டது. வெண்புகை எழுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக நடந்தார்கள்.

நான் நின்றேன். சுடுகாட்டுக்காரர் நீளக் கழியால் மட்டைகளை இழுத்துத் தள்ளி, பக்கத்தில் தயாராக வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார். உஸ் என்று ஒரு சத்தம். அப்பாவின் வேட்டி ஓரம் கருகியிருந்தது. குழி முன்பே வெட்டியிருந்தார், ஓடையை ஒட்டி. அடியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. நான் தடுக்கவில்லை. அவரும் கழியைத் திருப்பிப் பிடித்தார். அதற்கு மேல் எழுத முடியவில்லை. அப்பா சொன்னபடியேதான் இருந்தது.

கட்டைகளைச் சாக்குப் போட்டு மூடி, வரும்போதே வண்டியில் போட்டிருந்த அழுக்குத் துணி மூட்டைகளை மேலே அடுக்கி வண்டியைக் கடைக்குப் பின்புறம் கொண்டுவந்தேன். டோபி வீட்டு வண்டியில் அழுக்கு மூட்டை இருந்தால் எவன் கேட்பான்? மறுநாள் அண்ணன் சாம்பல் அள்ளப் போவதாக இருந்தார். உங்களுக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி நானே போனேன். சுடுகாட்டுக்காரர் ஒரு சட்டியில் தயாராகக் கட்டி வைத்திருந்தார்.

"யாருதுண்ணே இது?"

"இங்க சாம்பலுக்கா பஞ்சம்? பேசாமக் கொண்டு போ."

அண்ணன் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய், ஆறு கடலோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் கரைத்துவிட்டு வந்தார். வந்தவர் என் தோளைத் தொட்டு, "அப்பா கேட்டபடி பண்ணிட்டோம்டா," என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு கிழங்கைப் பிட்டு என் வாயில் வைத்தார்.

கைநாட்டு வைத்த பாதிச் சீட்டைக் கொடுக்கப் போனபோது கிராணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுங்கய்யா."

"ம். எல்லாமே இந்த மாசம் நல்லாத்தான் எரியுது," என்று ஆணியில் குத்தினார். அந்த ஆணியில் அதுபோல நிறையச் சீட்டு இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்ற பயத்தில் எனக்கு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

விறகைப் பற்றி அண்ணனிடம் சொல்ல ஒரு பொய் வைத்திருந்தேன். கிள்ளான்காரன் ஒருவன் கடனுக்கு இறக்கிவிட்டுப் போனான் என்றேன். அவர் நம்பினார். ஆறு நாள் அந்த விறகில் வேலை நடந்தது. சட்டைகள் பளீரென்று வெளுத்தன. ஆபீசர் வீட்டு ஆள் முதல் முறையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஏழாம் நாள் காலை அண்ணன் அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்து கட்டை தள்ளிக்கொண்டிருந்தார். நான் துணி நனைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. திரும்பினேன். அவர் கையில் ஒரு கட்டை இருந்தது. ஒரு முனை கருகியிருந்தது. பட்டையின் வெடிப்பில் எதையோ நகத்தால் கிளறி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அரிசி. நாலைந்து மணி, மஞ்சள் தடவிய அரிசி.

வண்டியில் ஏற்றும்போது கருகின கட்டைகளை நான் பொறுக்கித் தள்ளியிருந்தேன். ஒன்று தப்பிவிட்டது.

"எங்க?" என்றார் அண்ணன்.

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"எங்கடா வச்ச?"

"ஓடையோரம்ணே."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் கட்டையைத் தரையில் வைத்தார். தன் கைப்பட்டியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவுக்காதய்யா."

"விடும்மா."

"நீயும் போயிட்டா நான் யார எரிக்கிறது, யாரப் புதைக்கிறது? அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லிட்டுப் போ."

பானையில் ஆவி குறைந்துகொண்டிருந்தது. மேலே ஆபீசரின் சட்டைகள் பாதி அவிந்து கிடந்தன. நெருப்பு இப்போது தணிந்தால் துணியில் மஞ்சள் பாய்ந்துவிடும். பிறகு எடுக்கவே முடியாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அண்ணன் அடுப்பைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டையை எடுத்து நெருப்புக்குள் தள்ளினார். அரிசி மணிகளை வாயில் போட்டுக்கொண்டார். வழக்கப்படி அவை பிணத்தின் வாய்க்குப் போகவேண்டியவை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அண்ணன் என்னிடம் வேலைக்கு வேண்டியது தவிர வேறு பேசவில்லை. "சாம்பல் எடு." "தண்ணி ஊத்து." அவ்வளவுதான். தொழில் சீட்டு மறுபடி வந்தது. பட்டி அவர் கையில் இருந்தது. எங்கள் வரிசையில் இன்னும் நான்கு பேர் சியாமுக்குப் போனார்கள். ஒவ்வொரு லோரி போகும்போதும் நான் செய்தது சரி என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். பெருமழை பெய்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஓடை நிரம்புமே என்று நினைப்பேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மழை வந்தால் அவர் கதவைச் சாத்தித் துணி வைத்து அடைப்பார்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, விறகைச் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்று ஆன முதல் வாரத்திலேயே அண்ணன் ஒரு வண்டி கட்டை வாங்கி வந்தார். என்னைப் பார்த்து, "வா, இடத்தக் காட்டு," என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசி.

சுடுகாட்டில் ஓடை உடைத்துக்கொண்டு கரை மாறியிருந்தது. புல் இடுப்பளவு. குழிக்குப் பக்கத்தில் ஒரு மரம் நின்றதே, அது இல்லை. யாரோ விறகுக்கு வெட்டியிருந்தார்கள். நான் இங்கே நின்றேன், அங்கே நின்றேன். சுடுகாட்டுக்காரர் மெல்ல வந்தார்.

"அண்ணே, எங்கப்பாவ எங்க வச்சோம்?" என்று கேட்டேன்.

"உங்கப்பா மட்டுமா தம்பி? இந்த ஓடையோரம் முழுக்க எரிஞ்சவங்கதான். சீட்டுப்படி ஒருத்தர்கூட மண்ணுக்குள்ள இல்ல. நான் யாரைன்னு ஞாபகம் வச்சுக்குவேன்?"

அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் கிராணியின் ஆணி எனக்கு விளங்கியது. எத்தனை வீட்டில், எத்தனை பேர் என்னைப் போலச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்!

"நல்லா யோசிச்சுச் சொல்லுடா," என்றார் அண்ணன்.

நான் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு இடத்தைக் காலால் தொட்டேன். "இங்கதாண்ணே."

தோண்டினார்கள். மூன்றடியில் எலும்பு கிடைத்தது. அண்ணனே இறங்கி, தண்ணீரை இறைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். கடைசியில் தாடை வந்தது. அதில் பல் அத்தனையும் இருந்தது, வரிசையாக, இளம் ஆளுடையது போல. எங்கள் அப்பாவுக்குக் கடைவாயில் மூன்று பல்தான். கிழங்கைக்கூட மசித்துத்தான் கொடுப்போம்.

அண்ணன் அந்தத் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பாதானே?"

அவர் அந்தப் பல்லைப் பார்த்தாரா, பார்த்துவிட்டுத்தான் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆமாண்ணே," என்றேன்.

விறகு முழுவதையும் அடுக்கினோம். ஒரு கட்டையும் மிச்சம் வைக்கவில்லை. அண்ணன் கொள்ளி வைத்துவிட்டு, வழக்கத்தை மீறி அங்கேயே நின்றார், கடைசித் தணல் அடங்கும்வரை. அதன் பிறகு என்னோடு பேச ஆரம்பித்தார். கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பெற்றார், வருஷம் தவறாமல் அப்பாவுக்குத் திதி கொடுத்தார். அவர் இறந்தபோது மின்சாரத்தில் எரித்தார்கள், விறகே தேவைப்படவில்லை.

அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அப்பா எந்தத் தண்ணீருக்குள் கிடக்கிறாரோ என்ற நினைப்புக்கு எப்படியோ பழகிவிட்டேன். பழகாதது இன்னொன்று. சீட்டு ஒழிந்த அந்த வாரம் எல்லாருக்கும்தான் விறகு தாராளமாகக் கிடைத்தது. அந்தத் தாடைக்குரிய ஆளின் வீட்டாரும் வண்டியில் கட்டை ஏற்றிக்கொண்டு அந்த ஓடையோரம் வந்திருப்பார்கள். சரியான இடத்தைத் தோண்டிப் பார்த்திருப்பார்கள். அங்கே ஒன்றும் இருந்திருக்காது.